கடைசி ஐம்பது மில்லி

எட்டு கிலோ அறுநூறு கிராம் என்று நர்ஸ் அட்டையில் எழுதி முடித்ததும், அந்த ஐந்து மாதப் பெண்குழந்தையின் தாய் கேட்ட முதல் கேள்வி குழந்தையைப் பற்றியது அல்ல.

"இந்தத் தராசைக் கடைசியா எப்பங்க சரிபார்த்தாங்க?"

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். இருபது வருடமாக அந்தச் சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு எடை பார்க்கிறவர். பிள்ளையின் எடை குறைந்தால் தராசைத் திட்டும் தாய்மார்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். எடை கூடியதற்காகத் தராசைச் சந்தேகப்படுகிற ஒருத்தி இப்போதுதான் முதன்முறையாக வந்து மாட்டியிருக்கிறாள்.

"தராசெல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்க பிள்ளையத் தூக்குங்கம்மா. பின்னாடி எத்தனை பேர் நிக்கறாங்க பாருங்க."

பின்னால் பன்னிரண்டு குழந்தைகள் பன்னிரண்டு சுருதியில் அழுதுகொண்டிருந்தன. இவள் அசையவில்லை. குழந்தையை இடது தோளில் சாத்திக்கொண்டு, வலது கையால் பிள்ளைப் பையைத் துழாவினாள். இரண்டு மாற்றுத் துணி, ஒரு துண்டு, ஒரு கிலுகிலுப்பை ஆகியவற்றுக்குப் பிறகு, பளபளவென்று ஐந்து கிலோ எடைக்கல் ஒன்று வெளியே வந்தது. வரிசையில் இருந்த தாய்மார்கள் தத்தம் குழந்தைகளைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

கல்லைத் தராசின் நடுவில் வைத்தாள். ஐந்து. மூலையில் வைத்தாள். ஐந்து. இன்னொரு மூலையில் வைத்தாள். புள்ளிக்குப் பின்னால் மூன்று சுழியோடு, தராசு கொஞ்சங்கூடக் கூச்சமில்லாமல் ஐந்து காட்டியது. கடைசி நம்பிக்கையாகத் தராசைச் சாய்த்து அடியில் ஒட்டியிருந்த முத்திரைத் தாளைப் படித்தாள். சரிபார்த்த தேதி, இரண்டு மாதத்துக்கு முன்பு. சரிபார்த்தவர் கையெழுத்து, அவளுடையது.

தன் வாக்குமூலத்தைத் தானே படித்துப் பார்த்த குற்றவாளியின் முகத்தோடு, "சரியாத்தான் இருக்கு" என்றாள்.

நர்ஸ் வளர்ச்சி அட்டையைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க. பிறந்ததுலேர்ந்து மூணாம் மாசம் வரைக்கும் இந்த நடுக் கோட்டுலயே சமர்த்தா போயிருக்கா. அதுக்கப்புறம் ரெண்டே மாசத்துல கிடுகிடுன்னு மேல் கோட்டுகிட்ட ஏறிட்டா. பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா என்ன நடக்குதுன்னு பாக்கணும். என்ன குடுக்கறீங்க?"

"தாய்ப்பால் மட்டும்தாங்க. வேற ஒரு சொட்டு தண்ணிகூட இல்ல."

"வேலைக்குப் போறீங்க இல்ல? பகல்ல யாரு பால் குடுக்கறா?"

"என் மாமனார்."

வரிசையே திரும்பிப் பார்த்தது. அழுத குழந்தைகளில் சிலவும் நிறுத்திவிட்டுக் கவனித்தன. முதுகுக்குப் பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் ஓசை கேட்டது.

"எடுத்து வெச்சுட்டுப் போற பால்! பாட்டில்ல!" என்று அவள் திரும்பிப் பார்த்துக் கத்தினாள். காது மடல்வரை சிவந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை கூட்டம் கம்மியா இருக்கும். அந்த மாமனாரையும் கூட்டிட்டு வாங்க" என்றார் நர்ஸ். "பயப்பட ஒண்ணும் இல்ல."

மருத்துவம் பார்க்கிற இடங்களில் இந்த வாக்கியத்தை ஒரு தடவை சொன்னால் மனிதர் கொஞ்சம் பயப்படுவார். இரண்டு தடவை சொன்னால் வீடு போய்ச் சேரும்வரை கால் தரையில் பாவாது. அன்று திங்கட்கிழமை. வெள்ளிக்கு நான்கு நாள் இருந்தது.

இவள் தராசு பழுதுபார்க்கும் பட்டறையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். தபால் நிலையம், காய்கறிக் கடை, நகைக்கடை, இரும்புக் கிடங்கு என்று எங்கே தராசு தப்பாகக் காட்டினாலும் சோதனைக் கற்களோடு போய் இறங்குவாள். பட்டறையில் அவளுக்கு 'துல்லியம்' என்று பெயர். முதலாளி வைத்தது. அரை கிராம் வித்தியாசத்துக்காக ஒரு தராசை மூன்று தடவை பிரித்துப் போட்ட அன்று எரிச்சலில் வைத்தது, ஒட்டிக்கொண்டது. நம்பி வாங்கலாம் என்ற அர்த்தத்தில் வாடிக்கையாளர்களும் அப்படியே கூப்பிடுகிறார்கள்.

அதற்கு முன்னால் அவளுக்கு வேறொரு பெயர் இருந்தது. பள்ளிக்கூடத்தில் 'மூட்டை'. வருடத்துக்கு இரண்டு முறை வகுப்பில் எடை பார்ப்பார்கள். ஆசிரியை அதை எழுதிக்கொண்டால் போதாதா? சத்தமாகப் படிப்பார். இவளுடைய எண்ணைப் படித்ததும் பின்பெஞ்சிலிருந்து யாராவது ஒருவன் மூட்டை தூக்குகிறவன் மாதிரி முனகுவான். ஒவ்வொரு முறையும் அதே முனகல்தான், வகுப்புக்கு ஒவ்வொரு முறையும் அது புது நகைச்சுவை. பதினாறு வயதில் உடம்பு தானாகவே வடிந்தது. காதுக்குள் இருந்த முனகல் வடியவில்லை.

அவளுடைய அம்மாவுக்கு ஒரு மாதத்திலேயே பால் வற்றிப்போனதாம், டின் பாலில் வளர்ந்தவள் இவள். "டின் பால் குடிச்ச பிள்ளைங்க அப்படித்தான் ஊதும்" என்று தூரத்துச் சித்தப்பா ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அவர் மருத்துவர் அல்ல; காப்பீடு விற்றுக்கொண்டிருந்தவர். எதையும் உறுதியான குரலில் சொல்லிப் பழகியவர் என்பதால் அது அவள் மனதில் கல்வெட்டாகிவிட்டது. பிறகு இவள் உண்டாகியிருந்தபோது சுகாதார நிலையத்தில் ஒரு துண்டுத்தாள் கொடுத்தார்கள். தாய்ப்பால் குடித்து வளரும் குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் அளவுக்கு மீறி எடை கூடும் வாய்ப்பு குறைவு என்று அதில் ஒரு வரி. 'குறைவு' என்பதை அவள் 'இல்லை' என்று படித்தாள். எந்தத் தராசுக்கும் கொஞ்சம் பிழை உண்டு, அது எவ்வளவு என்பதுதான் கேள்வி என்று ஊரெல்லாம் கடைக்காரர்களுக்கு விளக்குகிறவள், தன் பிள்ளை விஷயத்தில் மட்டும் முத்திரை குத்திய உத்தரவாதம் கேட்டாள்.

முதல் மூன்று மாதம் வீட்டிலேயே இருந்து பால் கொடுத்தாள். பிள்ளை குடிக்கும், விட்டுவிடும், விருந்து முடிந்தவர் மாதிரி கண் செருகிக் கிடக்கும். எவ்வளவு குடித்தது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலே அட்டையில் கோடு நேராகப் போனது. ஆனாலும் தெரியாமல் இருப்பது அவளுக்குத் தாங்கவில்லை. பட்டறையில் கழித்துப்போட்ட மேசைத் தராசு ஒன்றைச் சரிசெய்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பால் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை பிள்ளையை அதில் படுக்க வைக்க ஆரம்பித்தாள். வித்தியாசம்தான் பால்.

"என்னமா இது, பிள்ளையா பார்சலா?" என்றார் மாமனார்.

இந்த மாமனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முப்பத்தொரு வருடம் பேருந்து நடத்துநர். மனைவி போய் ஆறு வருடமாகிறது. மகன் லிஃப்ட் பொருத்துகிற வேலையில் மாதத்தில் இருபது நாள் வெளியூர். வண்டியில் நாற்பத்தெட்டு இருக்கை என்றால் தொண்ணூறு பேரை ஏற்றி, "உள்ள போங்க, உள்ள நிறைய இடம் இருக்கு" என்று கூசாமல் சொன்னவர். காலி இடத்தோடு வண்டி கிளம்புவது அவருக்கு ஒருவகை உடல் உபாதை. குழந்தைகளை அவர் 'அரை டிக்கெட்' என்பார். பேத்திக்கும் அதுதான் பெயர்.

மருமகள் மறுபடி வேலைக்குப் போக வேண்டிய நாள் நெருங்கியபோது, "ஆள் தேடறேன் மாமா" என்றாள். அவர் முகம் விழுந்துவிட்டது. "தொண்ணூறு பேரைச் சமாளிச்சவன். ஒரு அரை டிக்கெட்டைச் சமாளிக்க மாட்டேனா?"

சமாளித்தார். பாட்டிலைக் கொதிக்கவைப்பது, பாலை இளஞ்சூட்டில் வைப்பது, முழங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது எல்லாம் இரண்டே நாளில் பழகிக்கொண்டார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் தையல்காரர் எழுந்து வந்து கன்னத்தைக் கிள்ளுவார், மருந்துக்கடைக்காரர் கல்லாவை விட்டு வெளியே வருவார். எந்தத் தெருவிலும் கண்ணாலேயே எடை போடுகிற நிபுணர்கள் இருக்கிறார்கள். ஒல்லிப் பிள்ளையைப் பார்த்தால் "என்ன, வீட்ல ஒண்ணும் குடுக்கறதில்லையா?" என்பார்கள். உருண்டைப் பிள்ளையைப் பார்த்தால் வளர்த்தவருக்கு மாலை போடாத குறைதான். அந்தப் பாராட்டையெல்லாம் மாமனார் சட்டைப்பையில் வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

பட்டறையில் பால் எடுப்பதற்கென்று அவளுக்குக் கிடைத்த இடம் சோதனைக் கற்கள் வைக்கும் அறை. கதவுக்குத் தாழ்ப்பாள் பிடிக்காது. இருபது கிலோ எடைக்கல்லை உருட்டிவந்து கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து கைப் பம்ப்பை அழுத்துவாள். அந்த நேரம் பார்த்துத்தான் முதலாளிக்கு அந்தக் கல் தேவைப்படும்.

"யாரு உள்ள? இருபது கிலோ எங்க போச்சு?"

"சோதனைல இருக்கு முதலாளி!"

"எத்தனை நேரம் சோதனை?"

"எனக்கும் அதான் தெரியல!"

முதல் வாரம் பாட்டிலுக்கு நூற்றிருபது மில்லி வைத்தாள். சாயங்காலம் மாமனார் அறிக்கை வாசித்தார்: "மூணு பாட்டிலும் சுத்தமா காலி. பத்தலையோன்னு தோணுதுமா." பால் கொடுக்கிற பெண்ணிடம் 'பத்தலையோ' என்று சொல்வது சாதாரண விஷயமல்ல. சாப்பாட்டு நேரத்தைக் குறைத்துக்கொண்டு பம்ப் நேரத்தைக் கூட்டினாள். நூற்றைம்பது ஆயிற்று. அதுவும் காலி. நூற்றெண்பது. அதுவும் காலி. மிஞ்சியதைப் பைகளில் ஊற்றித் தேதியும் அளவும் எழுதி ஃப்ரீசரில் அடுக்கினாள். அவள் கூட்டக் கூட்ட அவர் காலி பண்ணினார். அவர் காலி பண்ணப் பண்ண அவள் கூட்டினாள். வீட்டில் இரண்டு பேர் இவ்வளவு பொறுப்பாக இருந்தால் நடுவில் இருக்கிற பிள்ளை என்னதான் செய்யும்? ஊதியது.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது தொடை மடிப்புகளை எண்ணினாள். இடது தொடையில் நான்கு. வலது தொடையில் நான்கா ஐந்தா என்று தீர்மானிக்க முடியவில்லை. அந்த மடிப்புகளில் முத்தம் வைக்காத நாள் கிடையாது. அன்று குனிந்தாள், முத்தம் வரவில்லை. வெளியூரில் இருந்த கணவனைக் கூப்பிட்டாள்.

"எங்க பக்கம் எல்லாரும் ஒல்லிதான்பா" என்றான் அவன், பெரிய ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

"அப்ப எங்க பக்கம்னு சொல்றீங்க."

"நான் அப்படி எங்க சொன்னேன்?"

சொல்லவில்லைதான். ஆனால் அவள் போனை வைத்துவிட்டாள். வகுப்பறை, சத்தமாகப் படிக்கப்படும் எண், பின்பெஞ்சு முனகல் எல்லாம் அவளுடைய மகளுக்காகக் காத்துக்கொண்டிருந்தன. என்ன செய்வது என்று முடிவெடுத்துவிட்டாள். தராசு கூடுதலாகக் காட்டினால் அவளுக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். திருகாணியைத் திருப்பிக் குறைக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பாட்டிலுக்குத் தொண்ணூறு மில்லி வைத்துவிட்டுப் போனாள்.

"என்னமா, பாதிதான் இருக்கு?"

"அவ்வளவுதான் மாமா இனிமே."

"டாக்டர் சொன்னாரா?"

"வெள்ளிக்கிழமை சொல்வாங்க."

"அப்ப வெள்ளிக்கிழமை கொறைச்சாப் போதாதா?"

செருப்பை மாட்டினாள். பட்டறையில் அன்று ஒரு நகைக்கடைத் தராசு. கல்லைக் கீழே போட்டாள், பதினோரு வருடத்தில் முதல் தடவையாக. பத்தரை மணிக்கு மாமனார் போன் செய்தார். பின்னணியில் பிள்ளையின் அழுகை.

"பசிக்குதுமா அவளுக்கு."

"கொஞ்ச நேரம் விளையாட்டுக் காட்டுங்க மாமா."

"பசிக்கு என்ன விளையாட்டுக் காட்டறது?"

புதன்கிழமை போனே வரவில்லை. அது இன்னும் மோசம். சாயங்காலம் வந்து பார்த்தால் பிள்ளை திருப்தியாகக் கிடந்தது. தராசில் வைத்துப் பார்த்தாள், குறைந்த பாடில்லை. அன்று முழுக்கப் பிள்ளைக்கு மொத்தமே மூன்று தொண்ணூறுதான் போயிருக்க வேண்டும். கணக்கு இடித்தது. பிள்ளை ஏதும் குடிக்காமலே எடை போடுகிறது, தன்னைப் போலவே, என்று ஒரு நினைப்பு வந்தது.

வியாழக்கிழமை தபால் நிலையத் தராசு வேலை சீக்கிரம் முடிந்தது. வீடு இரண்டு தெரு தள்ளித்தான். மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு, செருப்பை வாசலில் விட்டுச் சத்தமில்லாமல் உள்ளே வந்தவள், கூடத்துக் கதவோரம் அப்படியே நின்றாள்.

மாமனார் ஜன்னலோர நாற்காலியில். மடியில் பிள்ளை. தொண்ணூறு மில்லி பாட்டில் காலியாகிக் கீழே நின்றிருந்தது. பிள்ளை இன்னும் கண் கொட்டாமல் அவர் கையையே பார்த்தது. அவர் பக்கத்துப் பாத்திரத்து வெந்நீரிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்தார். ஃப்ரீசரில் சேமித்த பால், இன்னொரு நூறு.

"ரெண்டாவது ட்ரிப். ஏறு, ஏறு."

பிள்ளை ஆசையாகக் குடித்தது. பாதி வரைக்கும். பிறகு மெதுவாகிவிட்டது. ரப்பரை நாக்கால் வெளியே தள்ளி, தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டது. தெளிவாகச் சொல்லிவிட்டது, பேச்சு ஒன்றுதான் பாக்கி.

மாமனார் இரண்டு விரலை உதட்டில் வைத்து மெல்ல விசிலடித்தார். பிள்ளை திரும்பிச் சிரித்தது. சிரிக்க வாய் திறந்ததும் ரப்பர் உள்ளே போனது. மறுபடி தலையைத் திருப்பியது. மறுபடி விசில். பிறகு தன் பழைய வழித்தடத்தின் நிறுத்தங்களை ஒவ்வொன்றாக ராகம் போட்டுச் சொன்னார். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு சிரிப்பு, ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு வாய். "உள்ள போ, உள்ள போ, உள்ள நிறைய இடம் இருக்கு..." கடைசி நிறுத்தம் வந்தபோது பாட்டிலும் காலி.

"மாமா!"

அவர் கையிலிருந்த பாட்டில் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. பயணச்சீட்டுப் பரிசோதகரிடம் மாட்டிய பயணியின் முகம் அவருக்கு.

"ஃப்ரீசர்ல எத்தனை பை இருக்கு?"

"எண்ணலமா."

"நான் எண்ணினேன். போன வாரம் பதினெட்டு."

"பசியில அழற பிள்ளைக்கு நான் என்ன, தண்ணியக் காட்டவா? நீ அங்க இருக்க. அந்த அழுகையக் காதுல வாங்கறவன் நான்."

"முதல் பாட்டில் சரி, ரெண்டாவதுல பாதிகூடச் சரி. அப்புறம் அவ வேண்டாம்னு தலையத் திருப்பினாளே! விசிலடிச்சு, ஏமாத்தி ஊத்தினீங்களே, அது எதுக்கு? இது என்ன, ஆளை நெரிச்சு ஏத்தற பஸ்ஸா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஏப்பம் வந்த பிறகும் தட்டினார்.

"ஒரு நாள் நீ பம்ப்போட மூடிய வீட்லயே வெச்சுட்டுப் போயிட்ட. குடுக்கலாம்னு பட்டறைக்கு வந்தேன்" என்றார் கடைசியில். "உன் முதலாளி கதவப் போட்டு இடிச்சிட்டிருந்தாரு, கல்லக் குடு, கல்லக் குடுன்னு. நீ உள்ளேர்ந்து வேடிக்கையாத்தான் பதில் சொன்ன. ஆனா குரல் சரியில்ல. மூடிய அங்க இருந்த பெஞ்சுல வெச்சுட்டுத் திரும்பிட்டேன்." பிள்ளையின் வாயைத் துண்டால் துடைத்தார். "அப்படி எடுத்த பாலும்மா இது. பாட்டில்ல ஒரு வாய் மிச்சம் இருந்தாக்கூட எனக்குக் கீழ ஊத்தக் கை வரல. அவ்வளவுதான்."

அவளுக்குக் கோபம் எங்கேயோ பாதி வழியில் இறங்கிப் போய்விட்டது. போன இடம் தெரியாததால் அழுதாள். மாமனாருக்கு மருமகள் அழுதால் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியும் கிடையாது. பிள்ளையை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். அழுகைக்கு நடுவிலும் கூட்டிப் பார்த்தாள்: தொண்ணூறு, அதோடு ஒரு நாற்பதோ ஐம்பதோ. பிள்ளையே போதும் என்றது அங்கேதான். அவள் வைத்த தொண்ணூறும் தப்பு, அவர் ஏற்றிய நூற்றுத் தொண்ணூறும் தப்பு.

வெள்ளிக்கிழமை இருவரும் போனார்கள். மாமனார் இஸ்திரி போட்ட சட்டை. நர்ஸ் எதிரில் பரீட்சைக்கு வந்தவர் மாதிரி கைகட்டி உட்கார்ந்தார்.

"பாட்டில் முடியறதுக்கு முன்னாடி பாப்பா தலையத் திருப்பினா என்ன பண்ணுவீங்க ஐயா?"

"விசிலடிப்பேன்."

நர்ஸின் பேனா நின்றது. "விசிலா?"

"சின்ன விசில்தான்."

நர்ஸ் சிரிப்பை அடக்கியது இரண்டு பேருக்கும் தெரிந்தது. "அம்மாகிட்ட நேரா குடிக்கும்போது எவ்வளவு போச்சுன்னு யாருக்கும் தெரியாது. அதனால பிள்ளை விட்டாப் போதும்னு நாமளும் விட்டுடறோம். பாட்டில்ல கோடு போட்டிருக்கான். கோட்டப் பாத்துட்டா பிள்ளை முகத்தப் பாக்க மறந்துடறோம். தாய்ப்பாலா இருந்தாலும் அப்படித்தான். பாட்டிலச் சாய்ச்சு மெதுவா குடுங்க, நடுநடுவுல நிறுத்துங்க. அவ தலையத் திருப்பினா முடிஞ்சுது. விசில் கிடையாது."

"நானா அளவைக் குறைச்சேன்" என்றாள் அவள், யாரும் கேட்காமலே.

"அதப் பண்ணவே பண்ணாதீங்க. வளர்ற பிள்ளை. பசின்னா குடுக்கணும். வீட்லயும் எடை பாக்கறீங்களா?"

அவள் தரையைப் பார்த்தாள். மாமனார் பழிவாங்க ஒரு நல்ல வாய்ப்பை நழுவவிடுகிற ஆள் இல்லை. "ஒரு நாளைக்கு ஆறு தடவை."

"அந்தத் தராச எடுத்த இடத்துல கொண்டுபோய் வெச்சிடுங்க. மாசம் ஒரு தடவை இங்க பாத்தாப் போதும்."

"சரிங்க. இதெல்லாம் செஞ்சா..." அவள் நாற்காலி நுனிக்கு வந்தாள். நாலு நாளாக, ஏன், இருபத்தைந்து வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள். "பின்னாடி அவ குண்டாக மாட்டாதானே?"

"அது எனக்குத் தெரியாதுங்க."

"தாய்ப்பால்தான் குடுக்கறேனே!"

"நல்லது. வாய்ப்பு குறையும். அதுக்கப்புறம் அவ சாப்பிடற சாப்பாடு, தூக்கம், ஓட்டம், உடம்புவாகு எல்லாம் இருக்கு. பால் எல்லாத்தையும் பாத்துக்கும்னு நான் எழுதிக் குடுத்தா அது பொய். அடுத்த மாசம் திட உணவு ஆரம்பிக்கணும், அப்ப மறுபடி ஐயாவையும் கூட்டிட்டு வாங்க. கரண்டியும் பாட்டில் மாதிரிதான்."

வெளியே வந்து தெருவில் நடக்கும்போது மாமனார் உற்சாகமாக இருந்தார். தண்டனை இல்லாமல் வெளியே வந்தவர் அல்லவா. அவளுக்குக் கரண்டி என்ற புதுப் பயம் சேர்ந்திருந்தது.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. தானே கொடுத்திருக்கலாம். மாமனார் விடவில்லை. "நீ பாக்கறப்பவே ஒரு தடவை குடுத்துடறேன். அப்பத்தான் திங்கட்கிழமை நீ நிம்மதியாப் போவ." ஃப்ரீசரில் இருந்த நூற்றெண்பது மில்லிப் பையை இளக்கி ஊற்றினார். நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் எதிரில் தரையில்.

பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தார். நிறுத்தினார். கொடுத்தார். பிள்ளை குடித்தது. நூற்று முப்பது போயிருக்கும், வேகம் குறைந்தது. நாக்கு ரப்பரைத் தள்ளியது. தலை ஜன்னலுக்குத் திரும்பியது.

மாமனாரின் உதடு குவிந்தது. அவள் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவரும் பார்த்தார். குவிந்த உதட்டை மெல்ல இயல்புக்குக் கொண்டுவந்தார்.

"போதுமாம்" என்றார்.

பாட்டிலின் அடியில் ஐம்பது மில்லி நின்றது. அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினார். "நீயே ஊத்திடுமா. என்னால முடியாது."

சமையலறைத் தொட்டியில் பாட்டிலைக் கவிழ்க்க அவளுக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. கவிழ்த்தாள். குழாயைத் திறந்துவிட்டாள். வெள்ளை கலைந்து போகும்வரை நின்றுவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

பிள்ளை பாயில் மல்லாந்து கிடந்தது. இரண்டு பக்கமும் இரண்டு பேர், பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டு.

"பசி இருக்குமோ?"

"தெரியல மாமா."

"அழுதா?"

"அழுதா குடுப்போம்."

"அழலன்னா?"

பிள்ளை தன் காலைப் பிடித்து இழுத்து, கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டது. இருவரும் பாதி எழுந்து நின்றார்கள்.